அப்போதிக்கரியின் சிட்டை

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, மருத்துவத்துக்கு உறுப்புக்கள் நான்கென வகுத்துக் கூறினார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை உடனிருந்து கொடுத்துப் பேணுபவன் என்பன அந்நான்குமாம். உலக நடைமுறையோ இந்நான்கினோடு ஐந்தாவதாக ஒன்றையுஞ் சேர்த்துக்கொண்டது. அதுவே கூலி. வைத்தியனும் உண்டு உடுத்து மனைவி மக்களைக் காத்து வாழவேண்டியவனே. ஆதலின் அவனுக்குக் கூலி கொடுத்தல் முறையே. ஆயின், அக்கூலியை எதற்காகக் கொடுப்பது? அவன் கூறும் அறிவுரைக்கா? அவன் கலந்து தரும் மருந்துக்கா? வீடு தேடி வந்து பார்த்த வருகைக்கா? அன்றி நோய் தீர்ந்தமைக்கா? கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடைகாண இங்கிலாந்து நாட்டுக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகள் வேண்டியிருந்தன. அவ்வரலாற்றின் நடுவே நிற்பவர் ஓர் அரசருமல்லர், பேரறிஞருமல்லர். நோயோடும் நீண்டதொரு மருந்துச் சிட்டையோடும் அலைந்த இறைச்சிக் கடைக்காரர் ஒருவரே.

அக்கதையைத் தொடங்குமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இலங்கையிலே ஒரு காலத்தில் அரசாங்க மருந்துச்சாலைகளைப் பொறுப்பேற்று நடத்திய உத்தியோகத்தரை ‘அப்போதிக்கரி’ என மக்கள் அழைத்தனர். பல ஊர்களிலே மேனாட்டு வைத்தியம் என்பதை மக்களுக்கு முதன்முதல் அறிமுகஞ் செய்தவர் அவரே. அச்சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. பண்டங்களைச் சேமித்து வைக்கும் பண்டசாலை என்பதே அதன் மூலப்பொருள். சரக்கு விற்றவர் மருந்து விற்பவராகி, மருந்து விற்றவர் மருத்துவராகிய கதை அந்த ஒரு சொல்லினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

1700ஆம் ஆண்டளவிலே இலண்டன் மாநகரில் நோயைத் தீர்ப்போர் மூன்று படியினராய் இருந்தனர். முதற்படியில் நின்றோர் வைத்தியர். ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் முதலிய பல்கலைக்கழகங்களிலே இலத்தீன் கற்று, பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களை ஓதித் தேர்ந்தவர்கள் இவர்கள். எட்டாம் ஹென்றி மன்னன் 1518ஆம் ஆண்டிலே அளித்த பட்டயத்தால் வைத்தியர் கழகம் நிறுவப்பட்டது. 1523ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் அப்பட்டயத்தைச் சட்டமாக்கியது. இலண்டனிலும் அதனைச் சூழ்ந்த ஏழு மைல் எல்லையிலும் கழகத்தின் அனுமதியின்றி வைத்தியஞ் செய்வோர், அவ்வாறு செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் 5 பவுண் தண்டம் இறுக்கவேண்டும் என்பது விதி.

இரண்டாம் படியினர் சத்திர வைத்தியர். கத்தி பிடிப்பதும் கட்டுக் கட்டுவதும் இவர்தம் தொழில். 1540ஆம் ஆண்டு தொடக்கம் இவர்கள் நாவிதரோடு ஒரே சங்கத்தில் இணைக்கப்பட்டிருந்தனர் என்பதிலிருந்தே அக்காலத்துச் சமூகம் இவர்களுக்கு எத்தகைய மதிப்பு அளித்தது என்பதை உணரலாம். மூன்றாம் படியினரே அப்போதிக்கரிமார். இவர்கள் முதலில் பலசரக்கு வணிகரோடு ஒரு சங்கத்தில் இருந்தவர்கள். முதலாம் ஜேம்ஸ் மன்னன் 1617ஆம் ஆண்டிலே இவர்களைப் பிரித்துத் தனிச் சங்கமாக்கினான். வைத்தியர் எழுதிக் கொடுக்கும் சீட்டின்படி மருந்தைக் கலந்து கொடுப்பதே சட்டத்தின் கண்ணில் இவர்தம் கடமை.

இம்மூவகையினரும் கூலி பெற்ற முறையிலேதான் பின்வந்த பிணக்குக்கெல்லாம் வித்து இருந்தது. வைத்தியர் தம்மைப் பெருமக்கள் வரிசையில் வைத்து எண்ணியவர். கூலி என்ற சொல்லே அவருக்கு ஒவ்வாது. நோயாளி மனமுவந்து அளிக்கும் காணிக்கையையே பெறுவதாக அவர் சொல்லிக்கொள்வார். அக்காணிக்கை பொன் நாணயமாக இருத்தல் வேண்டும் என்பது மாத்திரம் எழுதாத விதி. காணிக்கையாதலால், அதனைக் கொடாதவர் மீது வழக்குத் தொடுக்கவும் அவரால் இயலாது. 1791ஆம் ஆண்டிலும் ஆங்கில நீதிமன்றம் இக்கொள்கையையே உறுதி செய்தது. அப்போதிக்கரியின் நிலையோ நேர்மாறானது. அவர் கடைக்காரர், விற்ற சரக்குக்கு விலை கேட்க அவருக்கு உரிமையுண்டு. ஆனால், அறிவுரை கூறி அதற்காகப் பணம் பெற அவருக்கு உரிமை இல்லை. ஒருவர் அறிவை விற்கலாம், ஆனால் கடன் கேட்கலாகாது. மற்றவர் மருந்தை விற்கலாம், ஆனால் அறிவை விற்கலாகாது. இவ்வாறு அமைந்தது அன்றைய ஒழுங்கு.

ஏட்டில் இருந்த இவ்வொழுங்கு வீதியிலே நிலைக்கவில்லை. அக்காலத்து இலண்டனில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் தொகையோ இருநூறைத்தானும் எட்டவில்லை. பொன் நாணயம் கொடுத்து அவர்களை அழைக்கவல்லார் மிகச் சிலரே. ஏனையோர் தலைவலி கண்டாலும் காய்ச்சல் கண்டாலும் தெருமுனையில் இருந்த அப்போதிக்கரியையே நாடினர். 1665ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் இலண்டனைப் பாழாக்கியபோது, செல்வரோடு சேர்ந்து வைத்தியர் பலரும் நகரைவிட்டு நீங்கினர். அப்போதிக்கரிமார் பலர் நகரிலேயே தங்கி நோயாளரைப் பார்த்தனர். வில்லியம் பொக்கர்ஸ்ட் என்னும் அப்போதிக்கரி அந்நோயை நேரிற் கண்டு குறிப்புக்கள் எழுதி வைத்தார். ஆபத்திலே அருகிருந்தவரை மக்கள் எளிதில் மறப்பதில்லை. அதன் பின்னர் அப்போதிக்கரியை வெறுங் கடைக்காரராக எண்ணுவார் குறைந்தனர்.

வைத்தியர் சிலரும் இம்மாற்றத்துக்குத் தாமறியாமலே துணைபோயினர். பின்வந்த காலத்திலே புகழ்பெற்ற வைத்தியரான றிச்சட் மீட் என்பவர் காலையில் ஒரு கோப்பிக்கடையிலும் மாலையில் இன்னொரு கோப்பிக்கடையிலும் அமர்ந்திருப்பார். அப்போதிக்கரிமார் அங்கே வந்து தம் நோயாளரின் குறிகளைச் சொல்லுவர். மீட் நோயாளியின் முகத்தைக் காணாமலே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்து அரைக் கினி பெற்றுக்கொள்வார். முழுக் கட்டணத்திற் பாதியோடு பெரியார் ஒருவரின் மருந்து கிடைத்ததெனச் சிலர் மகிழ்ந்திருக்கக்கூடும். ஆனால் நாடி பார்த்தவர் ஒருவர், மருந்து எழுதினவர் இன்னொருவர் என்னும்போது, நோயாளியின் வாய்ச்சொல்லைச் செவிகொடுத்துக் கேட்டவர் யார் என்னும் வினா எழாமற் போகாது.

இரு சாராருக்கும் இடையே பகை முற்றியது. அப்போதிக்கரிமார் மருந்தை வேண்டியதற்கு மேலாகக் கொடுத்து, அதற்கும் பன்மடங்கு விலை கூறி, ஏழைகளை வருத்துகின்றனர் என வைத்தியர் கழகத்தார் குற்றஞ் சாட்டினர். ஏழைகளுக்குக் கட்டணமின்றி அறிவுரை கூறுவதென 1687ஆம் ஆண்டிலே கழகம் தீர்மானித்தது. அறிவுரை இலவசமாகக் கிடைத்தாலும் மருந்தை அப்போதிக்கரியிடமே வாங்கவேண்டியிருந்தமையால் அத்தீர்மானத்தாற் பெரும் பயன் விளையவில்லை. அதனால், 1696ஆம் ஆண்டிலே வைத்தியர் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் ஆளுக்கு 10 பவுண் கொடுத்து மருந்துச்சாலை ஒன்றை அமைக்க உடன்பட்டனர். 1698ஆம் ஆண்டிலே கழக மாளிகையிலேயே அது திறக்கப்பட்டது. மருந்தை அடக்க விலைக்கே அங்கு விற்றனர். அப்போதிக்கரிமார் இதனைத் தம் பிழைப்பில் விழுந்த அடியாகக் கண்டனர். வைத்தியருள்ளும் ஒரு சாரார் இதனை எதிர்த்தனர். இப்பூசலையே பொருளாகக் கொண்டு சாமுவேல் கார்த் என்னும் வைத்தியர் 1699ஆம் ஆண்டிலே ‘மருந்துச்சாலை’ என்ற பெயரில் நகைச்சுவைக் காவியம் ஒன்றை இயற்றினார். நகர மக்கள் அதனைப் படித்து நகைத்தனர். நோயாளரோ நகைக்கும் நிலையில் இருக்கவில்லை.

இந்நிலையிலேதான் ஜோன் சீல் என்னும் இறைச்சிக் கடைக்காரர் வரலாற்றினுள் நுழைகின்றார். 1701ஆம் ஆண்டளவில் நோயுற்ற அவர், வில்லியம் றோஸ் என்னும் அப்போதிக்கரியிடம் சென்றார். றோஸ், வைத்தியர் ஒருவரின் சீட்டு இன்றித் தாமே நோயை ஆராய்ந்து மருந்து கொடுத்தார். அறிவுரைக்கெனத் தனியே ஒன்றும் அவர் கேட்கவில்லை. கேட்கவும் அவருக்கு உரிமை இல்லை. மருந்து கொடுத்தார், பின்னும் கொடுத்தார், மேலுங் கொடுத்தார். நோய் தீர்ந்தபாடில்லை. முடிவில் சீலின் கைக்கு வந்த சிட்டை ஏறத்தாழ 50 பவுணாக இருந்தது.

அத்தொகையின் பருமனை இன்று உணர்வதற்கு ஒரு கணக்கு உதவும். அக்காலத்தில் 20 சிலிங் சேர்ந்தது ஒரு பவுண். இலண்டனில் உடலுழைத்து வாழ்ந்த தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு 2 சிலிங் பெறுவதே அரிது. ஆகவே 50 பவுண் என்பது அத்தகைய தொழிலாளி 500 நாட்களுக்கு மேல் உழைத்துப் பெறும் ஊதியமாகும். அவ்வளவுங் கொடுத்தும் உடம்பு முன்னிருந்தவாறே இருந்தது. சீல் கழகத்தாரின் மருந்துச்சாலைக்குச் சென்றார். அங்கே 40 சிலிங்குக்கும் குறைந்த செலவில், அதாவது 2 பவுணுக்குள்ளே, அவர் குணமடைந்தார் என்பது கழகத்தாரின் கூற்று. ஓரிடத்தில் 50 பவுணுக்குத் தீராத நோய் மற்றோரிடத்தில் 2 பவுணுக்குத் தீர்ந்ததாயின், அம்மனிதர் உள்ளத்தில் எழுந்த சினத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தமக்கு நேர்ந்ததை அவர் கழகத்தாரிடம் முறையிட்டார்.

கழகத்தார் நெடுநாளாய்த் தேடியிருந்த வாய்ப்பு அது. அனுமதியின்றி வைத்தியஞ் செய்தார் எனக் குற்றஞ் சாட்டி, 1523ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி றோஸ் மீது வழக்குத் தொடுத்தனர். வழக்கை விசாரித்த யூரிமார் நேரடியான தீர்ப்புக் கூறவில்லை. றோஸ் வைத்தியரின் கட்டளையின்றி மருந்து கொடுத்தார். ஆனால் அறிவுரைக்கெனக் கூலி பெறவில்லை. இது வைத்தியஞ் செய்தல் ஆகுமா ஆகாதா என்பதை நீதியரசரே தீர்க்க, என விட்டுவிட்டனர். நீதியரசர்கள் கழகத்தாரின் பக்கமே தீர்ப்பளித்தனர். நோய் இன்னதெனத் துணிந்து, அதற்கு மருந்து இன்னதெனத் தெரிந்தெடுப்பதே வைத்தியம். கூலி பெறாமை அதனை வேறொன்றாக்கிவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு நிலைத்திருக்குமாயின் நாடெங்கும் அப்போதிக்கரிமாரின் தொழில் ஆட்டங்கண்டிருக்கும். எனவே அப்போதிக்கரிமார் சங்கம் றோஸுக்குத் துணையாய் நின்று, வழக்கைப் பிரபுக்கள் சபைக்கு எடுத்துச் சென்றது. அங்கே இரு பக்கத்தாரும் எடுத்துரைத்த நியாயங்கள் இன்றுங் கேட்கத்தக்கவை.

அப்போதிக்கரிமாரின் வாதம் இது: கழகத்தாரின் சொற்படி நடப்பதாயின், சிறு தடிமனுக்கும் வயிற்று நோவுக்கும் முதலில் வைத்தியருக்குப் பொன் கொடுக்கவேண்டும், அதன் பின்னரே மருந்து வாங்கலாம். செல்வருக்கு இது வீண்செலவு. அவர்தம் வேலையாட்கள் நோயுற்றபோதும் இச்செலவு அவர் தலையிலேயே விழும். ஏழைக்கோ இது மருந்தே இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும். நள்ளிரவில் ஒருவருக்குத் திடீரென நோய் கண்டால், எளிதில் வரக்கூடியவர் அயலிலிருக்கும் அப்போதிக்கரியே. அவர் கைகட்டி நிற்கவேண்டுமெனச் சட்டஞ் சொல்லலாமா? இஃது உயிரைக் காப்பதற்கன்று, ஒரு சிலரின் வருவாயைக் காப்பதற்கே என்பது அவர் கூற்று.

கழகத்தாரின் மறுப்பு இது: ஏழைகளுக்கு அறிவுரை இலவசமாகவே கிடைக்கின்றது; மருந்தும் அடக்க விலைக்குக் கிடைக்கின்றது. வைத்தியர் ஒருவர் கூறும் எளிய மருந்தால் ஒரு நாளில் தீரக்கூடிய நோயை, அப்போதிக்கரி பல நாட்களுக்கு நீட்டுகின்றார். தம் சரக்கு விலைபோவதற்காக மருந்தின்மேல் மருந்தாகக் கொடுக்கின்றார். இறுதியில் நோயாளி இறுப்பது வைத்தியரின் கட்டணத்திலும் பன்மடங்காகும். சீலின் சிட்டையே இதற்குச் சான்று.

இரு வாதங்களிலும் உண்மை இருந்தது. ஒருவர் சொன்னது வைத்தியம் கிட்டாமை என்னும் துன்பம். மற்றவர் சொன்னது வைத்தியம் வணிகமாதல் என்னும் துன்பம். 1704ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பிரபுக்கள் சபை கீழ்மன்றின் தீர்ப்பை மாற்றி, றோஸின் பக்கம் தீர்த்தது. அப்போதிக்கரி நோயாளரைப் பார்த்து மருந்து கொடுக்கலாம் என்பது அன்று முதல் அசைக்கவியலாத வழக்காயிற்று. உண்மையில் அத்தீர்ப்புப் புதிய வழக்கம் ஒன்றைத் தோற்றுவிக்கவில்லை. ஊரெல்லாம் நடந்துவந்ததைச் சட்டம் காணாதிருக்க முடியாதென ஒப்புக்கொண்டதே அது. இன்று இங்கிலாந்திலே குடும்ப வைத்தியர் என வழங்கப்படுவோரின் முன்னோரைத் தேடிச் செல்வோர் பலரும் வந்து நிற்கும் இடம் இத்தீர்ப்பே.

ஆயினும், அத்தீர்ப்பிலே ஒரு குறை எஞ்சியிருந்தது. நோயைப் பார்க்க அப்போதிக்கரிக்கு வழி பிறந்ததே தவிர, பார்த்தமைக்குக் கூலி கேட்க வழி பிறக்கவில்லை. அவர் கேட்கக்கூடியது முன்போலவே மருந்தின் விலை மாத்திரமே. ஆகவே, அரைமணி நேரம் நோயாளியின் அருகிருந்து, ஆராய்ந்து, ‘உமக்கு மருந்து வேண்டுவதில்லை, ஓய்வெடுத்துக் கஞ்சி குடித்தாற் போதும்’ என்று நேர்மையாய்ச் சொல்லும் அப்போதிக்கரி வெறுங்கையோடு வீடு திரும்பவேண்டும். அதே நோயாளிக்கு ஆறு போத்தல் பாணியும் ஒரு பெட்டிக் குளிகையும் அனுப்புபவருக்கோ அன்றைய உணவுக்குக் குறைவிராது. நேர்மைக்கு ஊதியமில்லை; போத்தலுக்கே ஊதியம் என்றாயிற்று. காலையில் ஒரு வேளை மருந்து, நண்பகலில் ஒரு வேளை, இரவில் உறக்கத்துக்கு ஒன்று, இடையே நெஞ்சுக்குத் தெம்பாக ஒன்று எனத் தனித்தனிப் போத்தல்கள் வீட்டு வாயிலில் வந்திறங்கின. ஒவ்வொன்றுக்கும் சிட்டையில் ஒரு வரி.

இதனைக் கண்டு அப்போதிக்கரிமாரெல்லாம் வஞ்சகர் என முடிவு கட்டுவது எளிது. அடம் சிமித் என்னும் பொருளியலறிஞர் அவ்வாறு செய்யவில்லை. 1776ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ என்னும் தம் நூலிலே அவர் இதனை ஆராய்ந்தார். அப்போதிக்கரியின் இலாபம் என்றாலே அளவிறந்த இலாபம் என ஊரார் பழிப்பதை அவர் எடுத்துக்காட்டினார். பெரியதொரு சந்தைநகரில் மிகுந்த வேலையுள்ள அப்போதிக்கரி ஓராண்டில் விற்கும் சரக்கின் அடக்கவிலை 30 அல்லது 40 பவுணுக்கு மேற்படாது. அதனை அவர் பத்து மடங்கு விலைக்கு விற்பினும், பெரும்பாலும் அது கொள்ளையன்று, அவருடைய திறமைக்கும் உழைப்புக்கும் உரிய கூலியே என்பது சிமித்தின் கருத்து. ஏழைகளுக்கு எந்நோயிலும் அவரே வைத்தியர். தம் கூலியை மருந்தின் விலைமேல் ஏற்றி வாங்குவதையன்றி அவருக்கு வேறு வழியில்லை. குற்றம் மனிதரிடத்திலிருந்ததை விடக் கணக்கெழுதும் முறையிலேயே மிகுதியாக இருந்தது என்பதை முதன்முதல் தெளிவாகக் கண்டவர்களுள் சிமித்தும் ஒருவர்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. கூலி வேறு வழியில் வாராதென்பதற்காக உடலினுள்ளே சென்ற மருந்து வெறுங் கணக்கன்று. பேதி மருந்தும் வாந்தி மருந்தும் பாதரசம் சேர்ந்த மருந்தும் மலிந்திருந்த காலம் அது. வேண்டாத மருந்தை வாங்கியவர் பணத்தை மாத்திரம் இழக்கவில்லை.

இச்சிக்கலை ஐரோப்பாவின் இன்னொரு மூலை மிக முன்னரே உணர்ந்திருந்தது. சிசிலியையும் தென் இத்தாலியையும் ஆண்ட இரண்டாம் பிறெடறிக் பேரரசன் 1231ஆம் ஆண்டிலே மெல்ஃபி நகரில் வெளியிட்ட சட்டத் தொகுப்பும் அதனோடு பின்னர் சேர்ந்த விதிகளும், வைத்தியர் மருந்து வணிகரோடு பங்குசேர்தலாகாது, தாமே மருந்துக்கடை வைத்தலுமாகாது எனத் தடுத்தன. எழுதுபவர் ஒருவராகவும் விற்பவர் ஒருவராகவும் இருப்பின், எழுதுபவரின் எழுதுகோலை இலாபம் இழுத்துச் செல்லாது என்பது அதன் நோக்கம். ஐரோப்பிய நாடுகள் பல பின்னர் இவ்வழியிற் சென்றன. இங்கிலாந்தோ இரு தொழிலையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு நெடுங்காலம் இடர்ப்பட்டது.

மாற்றம் வந்தது சட்டத்தாலன்று, போட்டியால். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மருந்துச்சரக்கு வணிகர் என்னும் புதிய கூட்டத்தார் தோன்றி, அதே மருந்தைக் குறைந்த விலைக்கு விற்கலாயினர். மருந்தை மாத்திரம் விற்றுப் போட்டியிட இயலாத அப்போதிக்கரிமார், தம் அறிவே தம் மூலதனம் என்பதை மேன்மேலும் உணர்ந்தனர். 1815ஆம் ஆண்டின் அப்போதிக்கரிமார் சட்டம், ஐந்தாண்டுப் பயிற்சியும் பரீட்சையும் இன்றி இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒருவரும் அத்தொழில் புரியலாகாதென விதித்தது. ஆங்கிலக் கவிஞருள் ஒருவரான ஜோன் கீற்ஸ் அடுத்த ஆண்டிலே இப்பரீட்சையில் தேறி உரிமைச்சீட்டுப் பெற்றவர் என்பது பலர் அறியாத செய்தி. 1830ஆம் ஆண்டையொட்டி, அப்போதிக்கரி மருந்துக்கு மாத்திரமன்றி நோயாளியைச் சென்று பார்த்தமைக்கும் நியாயமான கட்டணங் கேட்கலாம் என நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஜோன் சீலின் வழக்குக்குப் பின் ஒன்றேகால் நூற்றாண்டு கழிந்திருந்தது. 1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் தகுதிபெற்ற யாவரையும் ஒரே பதிவேட்டில் சேர்த்தது. கட்டணத்துக்காக வழக்குத் தொடுக்கும் உரிமையையும் வழங்கியது. ‘காணிக்கை’ என்னும் போர்வை அன்று நீங்கியது.

போத்தலுக்குக் கூலி என்ற நிலை போய், வருகைக்குக் கூலி என்ற நிலை வந்தது. அதனால் நோயாளியின் இடர் முற்றுந் தீர்ந்ததா? தீரவில்லை. போத்தல் பெருகியவிடத்தில் இப்போது வருகை பெருகியது. இயன்றவர் வீட்டுக்கு வைத்தியர் அடிக்கடி வந்தார்; இயலாதவர் அழைக்கவே அஞ்சினார். தொழிலாளர் தம்முட் கூடி உதவிச் சங்கங்கள் அமைத்து, ஆண்டுக்கு ஆளொன்றுக்கு இவ்வளவு என வைத்தியரை அமர்த்தினர். அங்கே வேறொரு முறைப்பாடு எழுந்தது: எத்தனை முறை பார்த்தாலும் அதே தொகையாதலால், வைத்தியர் விரைந்து பார்த்து விரைந்து அனுப்புகின்றார் என்பதே அது. ஜோர்ஜ் பேணாட் ஷோ 1906ஆம் ஆண்டிலே மேடையேறிய ‘வைத்தியரின் இக்கட்டு’ என்னும் நாடகத்துக்குப் பின்னர் எழுதிய முன்னுரையிலே, காலை வெட்டுபவருக்கு வெட்டுவதால் மாத்திரமே வருவாய் வருமாறு அமைத்துவிட்டு, வெட்டவேண்டுமா என அவரையே கேட்கும் சமூகத்தின் பேதைமையைக் கடுமையாக எள்ளினார்.

1911ஆம் ஆண்டிலே லோயிட் ஜோர்ஜ் கொண்டுவந்த தேசிய காப்புறுதிச் சட்டம் அடுத்த படியாகும். தொழிலாளி வாரத்துக்கு 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசாங்கம் 2 பென்ஸ் எனச் சேர்ந்த நிதியிலிருந்து, பதிவுசெய்துகொண்ட நோயாளரின் தொகைக்கேற்ப வைத்தியருக்கு ஊதியம் வழங்கப்பட்டது. வைத்தியர் சீட்டு எழுதுவார்; மருந்தை மருந்துக்கடைக்காரர் கொடுப்பார். பிறெடறிக் பேரரசன் ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் கண்ட பிரிவினை இங்கிலாந்தின் தொழிலாளரிடையே அன்றுதான் வேரூன்றியது. ஆயினும் அத்தொழிலாளரின் மனைவியரும் பிள்ளைகளும் இச்சட்டத்தின் நிழலில் அடங்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5ஆம் நாள் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோதே, நோயுற்றவர் எவராயினும் கையில் பணமின்றி வைத்தியரின் கதவைத் தட்டலாம் என்னும் நிலை பிறந்தது.

இனி, இலங்கை அறிந்த அப்போதிக்கரியை மீண்டும் நினைக்கலாம். பெயர் இலண்டன் நகர அப்போதிக்கரியின் பெயரே; ஆனால் அவர் சிட்டை எழுதவில்லை. அவர் அரசாங்கச் சம்பளம் பெற்றவர். போத்தலைப் பெருக்குவதால் அவருக்கு வரும் ஆதாயம் ஒன்றுமில்லை. அதே பெயர் கடல்கடந்து வந்து, கூலி பெறும் முறை மாறியவுடன் வேறொரு தொழிலாகவே மாறிவிட்டமை சிந்திக்கத்தக்கது. அரசாங்க வைத்தியசாலைகளிலே கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை இந்நாட்டு மக்களுக்கு இன்றும் உண்டு. அதேவேளை, தனியார் வைத்தியர் பலர் தம் மருந்துச்சாலையிலேயே மருந்தையுங் கொடுத்து, ஆலோசனைக்கும் மருந்துக்குஞ் சேர்த்து ஒரே தொகை வாங்கும் பழைய வழக்கமும் மறைந்துவிடவில்லை. காலையிலே நீண்ட வரிசையில் காத்திருந்து சில நிமிடம் மாத்திரம் கண்ட அரசாங்க வைத்தியரை, மாலையிலே கட்டணஞ் செலுத்தித் தனியார் மருத்துவமனையிற் காண்போரும் உளர்.

எந்த முறையும் முற்றிலுங் குறையற்றதன்று என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. மருந்துக்குக் கூலி கொடுத்தால் மருந்து மிகும். வருகைக்குக் கொடுத்தால் வருகை மிகும். தலைக்கு இவ்வளவு எனக் கொடுத்தால் வரிசை நீளும். வைத்தியரின் நற்குணம் ஒன்றையே நம்பி இக்குறைகளை நீக்கிவிட முடியாது. வைத்தியர் தீயவர் எனத் தூற்றியும் நீக்க முடியாது. நேர்மையாய் நடப்பவர் அதனால் நட்டமடையாதவாறு முறையை அமைப்பதே சமூகத்தின் கடமை. ‘உமக்கு மருந்து வேண்டுவதில்லை’ என்று சொல்லும் வைத்தியருக்கும் அன்றைய உணவு கிடைக்கவேண்டும். அச்சொல்லைக் கேட்கும் நோயாளியும், தாம் புறக்கணிக்கப்பட்டதாக எண்ணாது, நல்ல வைத்தியம் பெற்றதாக எண்ணவேண்டும்.

வழக்கு முடிந்தபின் ஜோன் சீல் என்ன ஆனார் என்பதை வழக்கேடுகள் கருத்திற் கொள்ளவில்லை. கழகமும் சங்கமும் தத்தம் உரிமைக்காகப் போராடின. நீதியரசரும் பிரபுக்களும் சட்டத்தின் பொருளை ஆராய்ந்தனர். 50 பவுண் சிட்டையோடு வந்த நோயாளியோ வழக்குக்குக் காரணமாகி, வழக்கினுள்ளே மறைந்துபோனார். வைத்தியக் கூலி பற்றி எந்நாட்டில் எவர் வாதிட்டாலும், அவ்வாதத்தின் நடுவே அந்த இறைச்சிக் கடைக்காரரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுதல் நன்று. வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு உறுப்புக்களை எண்ணியபோது நோயுற்றவனையே முதலில் வைத்தார். கூலியை அவர் எண்ணவேயில்லை.